நாய் என்று சொல்லும் ஊர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ராயபுரத்தில் அதற்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் டென்மார்க் என்கிற குட்டி தேசத்தில், அத்தனை சிரித்த முகங்களுக்கு நடுவில் மல்லுக்கு நின்ற முதல் ராயபுரத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு சரக்குக் கப்பலில் பண்டாரி, அதாவது கப்பலாட்களுக்குச் சோறாக்கிப் போடுகிறவன். அந்த முறை மெட்ராஸ் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு வேர்க்கடலைப் புண்ணாக்கு. நம் ஊரில் ஒருவனை மட்டம் தட்டவேண்டுமென்றால் 'பெரிய புண்ணாக்கு' என்போம். அந்தப் புண்ணாக்கைத் தின்றுவிட்டுத்தான் டென்மார்க் மாடுகள் ஊருக்கெல்லாம் வெண்ணெய் கொடுக்கின்றன என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோபன்ஹேகன், ஆர்ஹுஸ், கடைசியாக மேற்குக் கரையில் எஸ்பியர் என்று மூன்று துறைமுகங்களில் அதைப் பிரித்து இறக்கவேண்டும்.

கப்பல் ஏறும்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை ஆறே நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அந்தப் பிரசவத்தில் அவள் பிழைத்ததும் மறுபிழைப்புதான். இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ உடனே தந்தி அடிப்பதாக மச்சான் சொல்லியிருந்தான். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் முதலில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தந்தி கேட்பது, அப்புறம்தான் ஊர் பார்ப்பது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

கோபன்ஹேகனில் என்னோடு இறங்கியவன் என் தோஸ்து, கல்மண்டபத்துக்காரன், கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். ஏஜெண்டு ஆபீசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "டெலிகிராம்? மெட்ராஸ்?" என்றேன். அவள் அடுக்கில் இருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பல் தெரியச் சிரித்து, "நாய்" என்றாள்.

காது சரியில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே சிரிப்பு, அதே நாய். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கடல் தாண்டி வந்து, பெண்டாட்டி இருக்கிறாளா இல்லையா என்று கேட்கிறவனை இப்படியா சொல்வாள்? மேஜையைத் தட்டி நாலு வார்த்தை கேட்கப் போனவனைத் தோஸ்து இடுப்போடு பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

"வுடு மாமு, சிரிச்சிகினேதானே திட்றா" என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஊர் என்னவோ என்னை அதிக நேரம் கோபமாக இருக்க விடவில்லை. தெரு முழுக்க சைக்கிள். கோட்டு போட்ட துரை சைக்கிளில் போகிறார், பாதிரியார் போகிறார், முன்னால் ஒரு பெட்டியைக் கட்டி அதில் மூன்று பிள்ளைகளை வாத்துக் குஞ்சுகளைப் போல அடைத்துக்கொண்டு ஒரு தாய் போகிறாள். கடலோரப் பாறையில் பாதி பெண், பாதி மீனாக ஒரு சிலை. எல்லோரும் மேல்பாதியைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் கீழ்பாதி வஞ்சிரமா கொடுவாவா என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம். ஊர் நடுவில் ஒரு கேளிக்கைத் தோட்டம். அதில் மரத்தால் செய்த மலைமேல் ஓடும் ரயிலில் மூன்று தரம் ஏறினோம். மேலே ஏறும்போது சந்தோஷம் தாங்கவில்லை. கீழே விழும்போது மட்டும் மனைவியின் ஞாபகம் வந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

இறங்கிவந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர். தோஸ்து மரியாதையாகப் பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து நீட்டினான். பெரியவர் புன்னகையோடு கையை அசைத்து, "நாய், தாக்" என்றார்.

தோஸ்து பெஞ்சுமேல் ஏறி நின்றுவிட்டான். நாயைத் தாக்கச் சொல்லி ஏவுகிறார் என்று நினைத்து நானும் நாலாபக்கமும் பார்த்தேன். நாயும் இல்லை, தாக்குதலும் இல்லை. எதிரே ஒரு தாய் தன் குழந்தைக்குத் தொப்பி போடப் பார்த்தாள். குழந்தை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, "நாய், நாய், நாய்" என்றது. பெற்ற தாயையே நாய் என்கிறதே என்று திகைத்தவனுக்கு, அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் பொறி தட்டியது. இந்த ஊரில் நாய் என்றால் 'இல்லை, வேண்டாம்'. அவ்வளவுதான் விஷயம்.

சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே வலித்தது. தோஸ்துக்கு அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. சோறு வேணுமா என்றால் நாய். குழம்பு காரமா என்றால் நாய். இரண்டாம் எஞ்சினியர் வேலை ஏவியபோதும் ஒரு நாயைப் போட்டான். அதற்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

ஆர்ஹுஸ் ஆபீசிலும் எனக்கு நாய்தான். திட்டு இல்லை என்று தெரிந்த பிறகு அந்தச் சொல் முன்னைவிட வலித்தது. கணக்குப்படி பிரசவமாகிப் பத்து நாளாவது ஆகியிருக்கவேண்டும். தோஸ்து என்னை விடாமல் கடற்கரைக்கு இழுத்துப்போனான். அங்கே ஜனங்கள் கறுப்பாவதற்காக வெயிலில் மணிக்கணக்காகப் படுத்துக்கிடந்தார்கள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, பரீட்சையில் முதலாவதாக வந்தவனைப் போல அவர்கள் நடுவே இரண்டு நடை நடந்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டோமே என்று உடனே மனசு உறுத்தியது.

எஸ்பியரில் இறங்கியதும் மூக்குதான் முதலில் ஊரைக் கண்டுபிடித்தது. வரிசையாக நீலப் படகுகள், ஐஸ் பெட்டிகள், மீன் ஏலம், கூச்சல். நம் ஊர் மீன்வாடை அப்படியே. அந்த வாடையில் வீட்டு நினைப்பு வந்து கால் தானாக ஆபீஸ் பக்கம் ஓடியது. அங்கே நரைத்த தலையோடு ஓர் அம்மாள். கேள்வியை நான் முடிப்பதற்குள், "யா" என்று சொல்லி ஒரு தந்தியை நீட்டினாள்.

கெட்டியான இங்கிலீஷ் எழுத்துகள். பெட்டிகளில் பெயர் படித்துப் பழகிய கண்தான், ஆனால் அன்று ஓர் எழுத்தும் ஒட்டவில்லை. தோஸ்துக்குப் படிக்கவே தெரியாது. தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். கேட்க வார்த்தை கிடைக்காமல், "ஒய்ஃப்... ஃபினிஷ்?" என்றேன்.

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாய், நாய்."

"பேபி? ஃபினிஷ்?"

"நாய், நாய், நாய்" என்று தலையை ஆட்டினாள். தந்தியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினாள். அப்புறம் தன் பாவாடையைத் தொட்டுக் காட்டினாள். பெண் குழந்தை.

அந்த நரைத்த அம்மாளின் மேஜைமேல் தலையை வைத்து அழுதேன். அழுகையோடு சிரிப்பும் வந்தது. தோஸ்து வெளியே ஓடிப்போய் மீன் ஏலத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கடலை கொடுத்தான். அன்றைக்கு ஒருவர்கூட நாய் என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பியபோது குழந்தைக்கு ஐந்தாம் மாதம். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மனைவிக்கு சைக்கிள், மீன்காரி சிலை, மலை ரயில் எல்லாம் சொல்லிவிட்டு, தந்திக் கதைக்கு வந்தேன்.

"பேபி ஃபினிஷான்னு கேட்டேன். அந்தம்மா நாய், நாய்ன்னுச்சி."

"எம் பொண்ணையா? எவ அவ?" என்று குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். என் கோபமெல்லாம் அவளிடம் பிச்சை வாங்கவேண்டும். அர்த்தத்தைச் சொல்லி உட்காரவைத்தேன்.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அதன் தலையை வருடிக்கொண்டிருந்தாள்.

"என்னப் பத்தியும் கேட்டியா?"

"உன்னப் பத்திதான் மொதல்ல கேட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னுச்சி?"

"நாய், நாய்."

"இன்னொரு தபா சொல்லுய்யா" என்றாள்.