போதும்பொண்ணு காதில் சொல்லும் பேர்

எங்கள் அக்கா பேருக்கு முன்னால் அணுகுண்டெல்லாம் ஓரமாகப் போய் உட்கார வேண்டும். அணுகுண்டு இருக்கிற ஆளை இல்லாமல்தான் ஆக்கும். அக்கா பேர் இல்லாத ஆளை இருக்க வைத்தது. அந்த ஆள் நான்தான்.

அக்கா பேர் போதும்பொண்ணு. வீட்டில் நாலாவது பெண். முதல் மூன்று பேருக்கும் அம்மன் பேராகப் பார்த்துப் பார்த்து வைத்த அப்பா, நாலாவதுக்குத் தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாமியிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளைக்குப் பேராக வைத்துவிட்டார். சாமிக்கும் காது கேட்டிருக்கிறது. அடுத்து நான். எனக்கு அருஞ்சுனை என்று அய்யனார் பேர், கிடாவெட்டு, மைக்செட்டு. அக்காவுக்கு அன்றைக்கு ஒரு பாவாடைகூட எடுக்கவில்லையாம்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்குத் தட்டை நீட்டினால் ஆயா, "உன் பேரென்ன?" என்பாள். அக்கா சொல்வாள். "நீயே போதும்ங்கிறே, பிறகென்ன?" என்று கரண்டியை இழுத்துக்கொள்வாள். வரிசையே சிரிக்கும். அஞ்சாவதோடு அக்கா நின்றுவிட்டாள்.

ஆனால் எங்கள் பந்தல்குடிப் பக்கம் அக்கா ஒரு மருந்து. மருந்து வேலை செய்ததற்கு நான் அத்தாட்சி. எந்த வீட்டிலாவது மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் பேர் வைக்க அக்காவைக் கூப்பிடுவார்கள். பிள்ளையை மடியில் போட்டு, சேலைத் தலைப்பால் மூடி, காதில் மூன்று தடவை "போதும்பொண்ணு" என்று சொல்ல வேண்டும். அந்தப் பேர் பலித்த வாயே அந்தப் பேரைக் கொடுத்தால் அடுத்தது ஆண். அத்தாட்சியையும் கூட்டிப் போக வேண்டும். சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் போனது கேசரிக்காக. வேறொன்றும் இல்லை.

அதே வீடுகளில் கல்யாணம் என்றால், "ஏய் போதும், தாம்பாளத்தைத் தொடாதே. அங்கிட்டே நில்லு" என்பார்கள். அக்கா அங்கிட்டே நிற்பாள்.

நான் எட்டாவதில் ரெண்டு தடவை பெயிலாகி, தூத்துக்குடி ரோட்டுப் பஞ்சர் கடையில் உட்கார்ந்தேன். லோடு ஏற்றி வருகிற வெளியூர் டிரைவர்களிடம் பேரும் அர்த்தமும் கேட்பது எனக்குப் பொழுதுபோக்கு. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அளப்பேன். பஞ்சாப்காரன் அமர்ஜீத் என்றால் தோல்வியே இல்லாத ஆள். கேரளாக்காரன் மகள் லீலா என்றால் விளையாட்டு. பக்கத்து வீட்டு இன்பராணி டீச்சர் தன் பிள்ளைக்கு அஷ்லின் என்று வைத்திருந்தார்கள்.

"அதுக்கு என்னலே அர்த்தம்?"

எனக்கா தெரியாது? "இங்கிலீஷ்காரன் ஊர்ல, வேணும்னு கேட்டு வாங்கின பிள்ளைன்னு அர்த்தம்க்கா" என்றேன்.

மாவாட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வீட்டில், அக்கா முதுகுக்குப் பின்னால் கேசரியோடு உட்கார்ந்திருந்தேன். தலைப்புக்குள்ளிருந்து கேட்டது. "அஷ்லின். அஷ்லின். அஷ்லின்." அக்கா தலையைத் தூக்கி, "சொல்லியாச்சு" என்றாள். அந்த வீடு அந்தப் பிள்ளையை ஆயுசுக்கும் போதும் என்றுதான் கூப்பிடப்போகிறது. யாரும் கூப்பிடாத பேரை எதற்குக் கொடுக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

அந்த வீட்டில் அடுத்ததும் பெண். இன்னொரு வீட்டிலும் பெண். ஊர் முணுமுணுக்க ஆரம்பித்தது.

தொண்ணூற்றொன்றில் பாலவனத்தத்திலிருந்து பெத்தம்மாள் ஆள் அனுப்பினாள். மருமகள் சோலையம்மாளுக்கு மூன்றாவதும் பெண். போனோம். பெத்தம்மாள் அக்காவை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஏண்டி, உன் வாயி இப்பல்லாம் பலிக்க மாட்டேங்குதாமே. மூடிக்கிட்டு என்னத்தைச் சொல்றே?"

"பேரைத்தான் ஆத்தா."

"இங்க மூடாதே. நான் பக்கத்துல நின்னு கேக்கணும். அடுத்ததும் பொட்டையா வந்துச்சு, இவளை அவ ஆத்தா வீட்டுக்குப் பத்திவிட்டுட்டு என் மகனுக்கு வேற பொண்ணு கட்டுவேன். பாத்தும் வச்சிருக்கேன்."

மருமகளை வைத்துக்கொண்டே, வெற்றிலை மென்றுகொண்டே சொன்னாள். சோலையம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

நான் வாசலுக்கு வந்தேன். வேலிக்கருவை விறகு அடுக்கியிருந்தது. பக்கத்தில் போய் நின்று, "பாம்பு! பாம்பு!" என்று கத்தினேன்.

பெத்தம்மாள் கம்போடு வந்தாள். வீடே பின்னால் வந்தது. "சாரையா, நல்லதா?" என்றார்கள். "நல்லபாம்புதான், படம் எடுத்துச்சு" என்றேன். பொய்யைக் கஞ்சத்தனமாகச் சொல்லக் கூடாது. விறகு முழுக்கப் புரட்டி, என்னைத் திட்டி முடித்து உள்ளே போனபோது பேர் வைத்தாகிவிட்டது.

"நான் என் காதால கேட்டேன் அத்தை. சரியாத்தான் சொன்னாக" என்றாள் சோலையம்மாள்.

கெட்டிக்காரி, அக்காவோடு சேர்ந்துகொண்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அருப்புக்கோட்டையில் இறங்கிப் பந்தல்குடி பஸ்ஸில் ஏறியதும் அக்காவிடம் கேட்டேன்.

"என்னக்கா, நல்லபடியா முடிஞ்சதா?"

"நீங்க ஓடினதும் தலைப்பை இழுத்து மூடப் போனேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பிள்ளை பெத்த உடம்புல எங்கிட்டுத்தான் அம்புட்டு பலமோ. 'அக்கா, நீங்க வேற என்னத்தையோ சொல்றீகன்னு பேசிக்கிறாக. என் பிள்ளைக்கு நல்ல பேரு வேண்டாம். எனக்கு இந்த வீடு வேணும்'னா."

"பிறகு?"

"சத்தமாச் சொன்னேன். மூணு தடவையும். பிள்ளை முழிச்சு என்னையவே பாத்துச்சு."

வெளியே பொட்டல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கையில் நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது. நான் எதுவாவது சிரிக்கிற மாதிரிச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"ஏலே, அந்தப் பாம்பு என்ன கலரு?"

"கருப்புக்கா."

"விறகுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நான் காதுல என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதானே கத்துனே? அஷ்லின்னா கேட்டு வாங்கின பிள்ளைன்னியே. அதையும் அந்த விறகுக்குள்ள இருந்துதான் எடுத்தியாலே?"