நாலு கேபியை ஒன்றாக்கியவர்

என் மகளின் வலது கைச் சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. காலையில் அவள் தலை பின்னும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் மேல் கோபம் புதிதாகக் கிளம்புகிறது. அது ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

அவர் என் மேலதிகாரி. புதுச்சேரியில் பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. மரக்காணம் உப்பளங்களில் உவர்நீர் இறைக்கும் மோட்டார்களுக்காக ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்தோம். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதியவள் நான். மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு த்ரெட், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. கோளாறு வந்தால் உப்பளக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்ப இன்னொரு த்ரெட். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இவ்வளவு இடம் என்று முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். அந்த இடம்தான் ஸ்டாக். உப்பளத்தில் பாத்தி கட்டுகிற மாதிரிதான். கொள்ளாத தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்துப் பாத்திக்குள் போய்விடும். அந்தச் சின்ன போர்டில், தாண்டிவிட்டது என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

செய்தி அனுப்பும் த்ரெட்டுக்கு நான் நாலு கேபி, அதாவது நாலாயிரத்துச் சொச்சம் பைட், ஒதுக்கியிருந்தேன். அவர் அதை ஒன்றாகக் குறைத்தார். மிச்சமாகும் இடத்தில் கலர் கலராக வரைபடம் காட்டும் திரையைச் சேர்க்க வேண்டுமாம்.

"மேடம், மெமரி என்ன உங்க வீட்டு பீரோவா? இப்படி அடைச்சு வெக்கிறீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்த்தோம், ஒழுங்காகப் போனது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

சோதனைச் செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. உப்பளத்தில் போர்டைப் பொருத்தியபோது, அங்கே வேலை செய்பவர்கள் கேட்டதற்காகச் செய்தியைத் தமிழாக்கினோம். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கிவிடும். தமிழில் ஒரு 'க'வுக்கே மூன்று பைட் வேண்டும்; 'கொ' என்றால் ஆறு. பத்துப் பேரும் தமிழர்கள்தான். ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

கல்லூரி விடுமுறை என்பதால் மகளும் என்னோடு உப்பளத்துக்கு வந்திருந்தாள். தண்ணீர் வருகிறதா என்று பார்க்க இரும்புக் குழாயில் கை வைத்தாள். மோட்டாரில் மின்கசிவு இருந்தது. கசிவு தெரிந்ததும் போர்டு மோட்டாரை நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் செய்தியும் அனுப்ப வேண்டும். தமிழ்ச் செய்தி தன் இடத்தில் கொள்ளாமல் வழிந்து, மோட்டாரை நிறுத்த வேண்டிய த்ரெட்டின் இடத்தை அழித்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. என் மகளின் கை குழாயை விடவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஓடி வந்து, வாரும் கட்டையின் மரக்கைப்பிடியால் அவள் கையில் ஓங்கி அடித்துத்தான் பிரித்தெடுத்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

நான் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவர் அறிக்கை எழுதிவிட்டார். புரோகிராமில் குறையில்லை, ஸ்டாக் அளவு போதுமானது, அனுமதியின்றி மகளை வேலையிடத்துக்கு அழைத்து வந்தது தாயின் தவறு. கீழே அவர் கையெழுத்து.

வேலைக்குத் திரும்பிய அன்றே அளந்தேன். ஸ்டாக் முழுவதும் ஒரே எண்ணை நிரப்பிவிட்டு ஓடவிட்டால், எது வரை அழிந்திருக்கிறதோ அது வரை இடம் செலவாகியிருக்கிறது என்று பொருள். ஆங்கிலச் செய்திக்குக் கொஞ்சம் மிஞ்சியது. தமிழுக்கு ஒரு பைட்கூட மிஞ்சவில்லை. அவரிடம் காட்டினேன்.

"ஈரத்துல நின்னு குழாயப் புடிச்சா யாருக்கும் ஷாக் அடிக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த அறிக்கையை அவர் வாயாலேயே திரும்பப் பெற வைக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் அதே உப்பளத்தில், அதே போர்டை முதலாளிக்கு மறுபடி ஓட்டிக் காட்ட அவர் ஏற்பாடு செய்திருந்தார். அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன்.

உப்பள முதலாளியும், என் மகளைக் காப்பாற்றிய அம்மாளும் நின்றிருந்தார்கள். மேலதிகாரி பேசி முடித்ததும் நான் சொன்னேன்: "சார் சொன்ன அதே ஒரு கேபிதான் உள்ள இருக்குது. கசிவும் நானே வர வெக்கிறேன். சார் சொல்ற மாதிரி போர்டு சரியா இருந்தா மோட்டார் உடனே நின்னுடும். சார், குழாயப் புடிங்க. நான் சுவிட்சப் போடறேன்."

சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. விளையாடாதீர்கள் என்றார். போதுமான அளவு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றேன்.

"இன்னா சார், போர்டு நல்லாத்தான இருக்குது? புடிங்களேன்" என்றார் முதலாளி.

அந்த அம்மாள் கட்டையை மணலில் ஊன்றிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். "நான் பக்கத்துலயே நிக்கிறேன். பயப்படாம புடிங்க சார்."

அவர் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "நாலு இருந்துச்சு. நான்தான் கொறச்சேன்" என்றார்.

"காத்துல கேக்கல சார்" என்றேன்.

மறுபடி சொன்னார். அன்று சாயங்காலமே அறிக்கையைத் திருத்தி அனுப்பினார். நாலு கேபி திரும்ப வந்தது; திரைதான் போனது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் கேட்டாள்: "அவரு நெஜமாவே புடிச்சிருந்தா இன்னாம்மா பண்ணியிருப்ப?"

கைப்பையிலிருந்து மோட்டாரின் பீங்கான் பியூஸ் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். காலையிலேயே கழற்றியிருந்தேன். குழாயில் மின்சாரம் வர வழியே இல்லை.

"சுவிட்சப் போட்டிருப்பேன்" என்றேன்.

போட்டிருந்தால் அவர் பயத்திலேயே அலறியிருப்பார். ஒன்றுமே இல்லாத குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் அலறுவதைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்பதுதான் இன்று வரை என் குறை.