ஆனைக்கொய்யா நிழலில் சோயா

மடுல்சீமை போகிற பஸ் மேட்டில் ஏறமுடியாமல், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயத்துக்கு எதிரே நின்றுவிடுகிறது. ரேடியேட்டர் கொதிக்கிறது. டிரைவர் வாளியோடு தண்ணீர் தேடிப் போகிறார். நான் லயத்துக்குப் பின்னால் நடக்கிறேன்.

அங்கே வெண்ணெய்ப் பழம் காய்க்கிற நாலு பெரிய ஆனைக்கொய்யா மரங்கள். அடியில் சோயா விதைத்திருக்கிறார்கள். வெளிச்சம் தேடி நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன செடிகள். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஓர் அம்மா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் களை பிடுங்குகிறார்.

"நிழல்ல காய்க்குமா அக்கா?"

"எங்கங்க காய்க்குது? ஒருநா கறிக்குக் கெடச்சாப் பெருசு."

"ஒரு மரத்த வெட்டினா வெயில் விழுமே?"

அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டுகிறார். வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தேயிலை.

"மரம் எங்க மாமனார் வச்சது. மண்ணு தோட்டத்துதுங்க. மரம் நிக்கிறதாலதான் எங்க பக்கம்னு விட்டு வச்சிருக்காங்க. வெயில் வந்தா கூடவே தேயிலக் கன்னும் வந்துரும்."

"அப்போ சோயா எதுக்கு?"

"கீழ தரிசாக் கெடந்தாலும் மண்ணத் திருப்பிக் கேப்பாங்கள்ல?"

பஸ் ஹார்ன் அடிக்கிறது. அவர் ஒரு சோயாக் காயை உரித்துப் பார்க்கிறார். உள்ளே பருப்புப் பிடிக்கவில்லை. காயை எறிந்துவிட்டு, அந்தச் செடியை நிமிர்த்தி, வேரைச் சுற்றி மண் அணைக்கிறார்.