விலத்திப் போன கொடி

நிலாவெளிக் கரையில் நிக்கலஸைப் பற்றி விசாரித்தால் பாராட்டை விட ஏச்சுத்தான் கூடக் கிடைக்கும். முசுடு என்பார்கள். கோயில் திருநாள் கூட்டத்தில் சண்டை பிடிக்காமல் எழும்பமாட்டார் என்பார்கள். அந்தோனியார் சுரூபத்தை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பதற்காகச் சொந்த மச்சானோடு ஒரு வருசம் கதைக்காமல் இருந்த மனிதர் அவர். ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் அவருடைய பகையாளிகூட வாய் திறக்கமாட்டான். முப்பது வருசத்துக்கு மேலாக வள்ளம் ஓடியும், இன்னொருத்தருடைய வலைக்கு மேலால் அவர் ஒரு நாளும் போனதில்லை.

கடலில் விட்ட வலையின் முனைகளில் ரெஜிபோம் மிதப்பு ஒன்றில் கம்பைக் குத்தி, நுனியில் துணியோ பொலித்தீனோ கட்டி விடுவார்கள். அதுதான் வலைக்கொடி. கண்டவன் விலத்திப் போக வேண்டும். போகாவிட்டால் இஞ்சினின் புரப்பலர் வலையைக் கிழித்துச் சின்னாபின்னமாக்கிவிடும். வலை கிழிந்தால் கரையில் என்ன நடக்கும் என்பதும் நிக்கலஸுக்குத் தெரியும். அவருக்கு மீசை அரும்பிய காலத்தில், அவருடைய தமையன் ஏதோ அவசரத்தில் பக்கத்து மீன்வாடிக்காரரின் வலையை வெட்டிக்கொண்டு ஓடி வந்தார். அன்று பின்னேரம் நடந்த அடிபிடியில் தமையனின் இடது கண் போய்விட்டது.

அன்று தொடக்கம் நிக்கலஸுக்குக் கட்டளைகள் பத்து இல்லை, பதினொன்று. புதிதாக இஞ்சின் பிடிக்கிறவர்களைக் கண்டால் விடமாட்டார். "கொடியைக் கண்டா கை தன்பாட்டில திரும்ப வேணும். யோசிக்கப்படாது. நீ யோசிக்கிறதுக்கிடையில வலை போயிடும்" என்பார். கேட்டுக் கேட்டுக் கரையே அலுத்துப்போயிருந்தது.

போன மார்கழியில் புயல் வருகுதென்று ரேடியோவும் கடற்படையும் மீனவர் சங்கமும் மாறி மாறிச் சொன்னதும், ஆட்கள் வலைகளை எடுத்துக்கொண்டு, வள்ளங்களைத் தென்னை மரத்தடி வரைக்கும் இழுத்துவிட்டார்கள். நிக்கலஸின் வலை மட்டும் கடலில் கிடந்தது. அவரோடு தொழிலுக்குப் போகும் ஜெயகாந்தன் காய்ச்சலில் விழுந்துவிட்டான். கொந்தளிக்கிற கடலில் தனி ஆளாக நின்று வலையை இழுத்து வாங்குவது லேசுப்பட்ட வேலையா? விட்டுவிட்டு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை கூரையில் அடிக்க அடிக்க, மனிதர் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்து மனைவி மாகிரட்டின் உயிரை எடுத்தார்.

பிறகு ஒரு விடியற்காலை காற்று கொஞ்சம் தணிந்தது. அவ்வளவுதான், மனிதர் எண்ணெய்க் கானைத் தூக்கிவிட்டார்.

"தனியப் போகாதீங்கோ. ஜெயகாந்தனுக்குக் காய்ச்சல் விடட்டும்" என்று மாகிரட் வாசலை மறித்தார்.

"காய்ச்சல் விடுமட்டும் வலை எனக்காகக் காத்துக்கொண்டு கிடக்குமோ? இந்தா போயிட்டு இந்தா வாறன்."

"மாரிக்கடலை நம்பி ஆர் உருப்பட்டது?"

"வாயால சொல்லித் தொலைக்காத, மாகிரட்."

புறாமலைத் தீவைத் தாண்டியதும் கடல் தன்னுடைய குணத்தைக் காட்டத் தொடங்கியது. அலை தூக்கும்போது கரை தெரியும், இறக்கும்போது தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. மழைப் புகார் மூட்டத்துக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு போனவருக்கு நேர் எதிரே ஒரு கொடி தெரிந்தது. கறுப்பு. அவருடைய கொடி நீலம், மாகிரட்டின் பழைய சட்டையில் கிழித்தது.

"எவனடா இவன்? புயலுக்குள்ள வலையை விட்டிட்டு வீட்டில போர்த்துக்கொண்டு கிடக்கிறான்!"

தானும் அதே புத்திகெட்ட வேலையைத்தான் செய்திருக்கிறார் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை. வாய் ஏசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் இஞ்சின் பிடியைத் திருப்பியது. பெரிய வட்டம் போட்டு விலத்தினார். இரண்டு அலைகளுக்கு நடுவில், கொடிக்குக் கீழே என்னவோ கிடந்தது மாதிரி இருந்தது. மிதப்பாக்கும் என்று விட்டுவிட்டார். இஞ்சின் இரைச்சலிலும் காற்றிலும் வேறு ஒன்றும் காதில் விழவில்லை.

தன்னுடைய வலையில் பாதியைத்தான் அவரால் மீட்க முடிந்தது. மீதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரைக்கு வந்து வள்ளத்தை ஏற்றும்போது, ஜெயகாந்தன் படுக்கை விரிப்பைப் போர்த்துக்கொண்டு வாடியடியில் நின்றான். மாகிரட் தேத்தண்ணியோடு வந்திருந்தார்.

"கறுப்புக் கொடி கட்டினவன் ஆர்?" இறங்க முதலே நிக்கலஸ் தொடங்கிவிட்டார். "புறாமலைக்கு வெளிய விட்டுக் கிடக்கு. நான் எண்டபடியால் விலத்திப் போனனான். வேறொருத்தன் எண்டால் வெட்டிக்கொண்டு போயிருப்பான்."

"அண்ணை, அங்க ஒருத்தற்ற வலையும் இல்லை" என்றான் ஜெயகாந்தன். "உங்கட வலையைத் தவிர எல்லாம் வாடிக்குள்ள கிடக்கு. நான் இப்பத்தான் பார்த்தனான்."

"எனக்கென்ன கண் பொட்டையோ?"

"சல்லி ஊர்க்காரரும் இறங்கேல்லை, அண்ணை. ஒருத்தரும் இறங்கேல்லை." சொல்லிக்கொண்டே ஜெயகாந்தன் போனை எடுத்தான். "காலமை வட்ஸ்அப் குறூப்பில ஒரு வொயிஸ் வந்தது. நீங்கள் கேட்கேல்லையோ?"

குச்சவெளியிலிருந்து ஒரு மனிதரின் குரல். அழுகையை அடக்கிக்கொண்டு கதைத்தது. தன்னுடைய தம்பி றுவைஸ், புல்மோட்டையில் விட்டிருந்த வள்ளத்தைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவரவென்று நேற்றுத் தனியாக வெளிக்கிட்டவர், இன்னும் வந்து சேரவில்லை. இஞ்சின் நின்றுவிட்டது, வள்ளம் மூடுகிற தறப்பாளைக் கம்பில் கட்டிப் பாயாக இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று கடைசியாகச் சொன்னவர். அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை. கண்டவர்கள் தயவு செய்து சொல்லுங்கள். கறுப்புத் தறப்பாள்.

நிக்கலஸ் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி நின்றார்.

வலைக்கொடி காற்று அடிக்கிற பக்கம்தான் சாயும். அலை கடந்ததும் தானாக நிமிரும். அது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஆனால் காலையில் கண்ட கொடி காற்றுக்கு எதிராகவும் சாய்ந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்பவும் இந்தப் பக்கம். அதைக் கண்டவர் அவர். இரண்டு கண்ணாலும் கண்டவர். ஆட்டியது கடல் இல்லை, ஒரு மனிதனுடைய கை.

"என்னப்பா? என்ன செய்யுது உங்களுக்கு?" மாகிரட் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மாகிரட், அது வலையில்லை."

கோப்பை மணலில் விழுந்தது. நிக்கலஸ் வள்ளத்தின் விளிம்பில் குந்திவிட்டார். "ஐயோ ஆண்டவரே, நான் அவனை விட்டிட்டு வந்திட்டன். கண்டு கண்டு விட்டிட்டு வந்திட்டன்!" என்று நெஞ்சில் அடித்தார். அவர் அழுது அந்தக் கரையில் ஒருவரும் பார்த்ததில்லை, தமையனின் கண் போன அன்றுகூட.

கடற்படைக்குப் போன் அடித்துச் சொன்னார்கள். துறைமுகத்திலிருந்து படகு வெளிக்கிடுகிறது, கடல் இருக்கிற இருப்பில் சுற்றிவர நேரம் எடுக்கும், ஒருவரும் இறங்க வேண்டாம் என்று பதில் வந்தது. ஆனால் நிக்கலஸ் அதற்கு முன்னமே வள்ளத்தைத் தள்ளத் தொடங்கியிருந்தார். மாகிரட் இந்த முறை மறிக்கவில்லை. எண்ணெய்க் கானைத் தூக்கிக் கொடுத்தார். ஜெயகாந்தன் விரிப்பை உதறிப் போட்டுவிட்டுப் பாய்ந்து ஏறினான்.

"உனக்குக் காய்ச்சலடா!"

"சத்தம் போடாமல் விடுங்கோ அண்ணை."

காலையில் கண்ட இடத்தில் ஒன்றும் இல்லை. மாரியில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சல்லிப் பக்கமாக விட்டார்கள். மழை முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. கொஞ்சத் தூரத்தில் ஒரு வள்ளம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அலை ஏறி இறங்கும் வெள்ளை அடிப்பாகத்தில் ஒரு ஆளும் இல்லை. கொடியும் இல்லை.

ஜெயகாந்தன் சிலுவை போட்டான். காலையில் அந்த அடிப்பாகத்தின் மேல் குந்தியிருந்துதான் றுவைஸ் கம்பை ஆட்டியிருக்கிறான். நேரே தன்னை நோக்கி வந்த வள்ளம் திடீரென்று வட்டம் போட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அண்ணை! கொடி!"

தெற்கே, சல்லிக்கு நேரே, தண்ணீருக்குள் கறுப்பாக ஒன்று தலை காட்டி மறைந்தது. நிக்கலஸும் கண்டார். கண்ட அந்தக் கணமே அவருடைய கை இஞ்சின் பிடியை மறுபக்கம் திருப்பியது.

"எங்க திருப்புறீங்கள்? நேர விடுங்கோ! நேர விடுங்கோ அண்ணை!"

அவர் தன்னுடைய கையைக் குனிந்து பார்த்தார். ஆருடைய கையோ என்று பார்த்தார். முப்பது வருசப் பழக்கம் அவரைக் கேட்காமலே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மற்றக் கையால் அந்தக் கையை இறுக்கிப் பிடித்து, சீவியத்தில் முதல் தடவையாக, நிக்கலஸ் ஒரு கொடியை நோக்கி நேரே வள்ளத்தை விட்டார்.

றுவைஸ் ஒரு எண்ணெய்க் கானைக் கட்டிப் பிடித்தபடி மிதந்தான். கிழிந்த தறப்பாள் தொங்கிய கம்பு, அவனுடைய இடுப்போடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. தூக்கி உள்ளே போட்டபோது உடம்பு விறைத்திருந்தது. உதடு நீலம். செத்துப்போனான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஜெயகாந்தன் தன்னுடைய சேட்டைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, காய்ச்சல் உடம்போடு அவனை அணைத்துக்கொண்டு கிடந்தான். அவனுடைய சூட்டில்தானோ என்னவோ, றுவைஸ் ஒருமுறை இருமித் தண்ணீரைக் கக்கினான். கண்ணைத் திறந்து வள்ளத்தின் நீல நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில வந்தது நீங்கதானே, அண்ணன்?"

பொய் சொல்ல நிக்கலஸுக்கு ஒரு கணம் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"ஓம் தம்பி. நான்தான்."

"வலையெண்டு நினைச்சீங்க."

"ஓம்."

றுவைஸின் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. "நீங்க திரும்பினதும் எனக்கு விளங்கிட்டு. நானும் கடல்காரன்தானே. நானெண்டாலும் விலத்தித்தான் போயிருப்பன்." பிறகு ஜெயகாந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான். "அண்ணன், நாம இவ்வளவு காலமும் விலத்திப் போன கொடியெல்லாம் வலைதானா?"

நிக்கலஸ் வள்ளத்தைக் கிட்டக் கிடந்த கரைக்கு விட்டார். சல்லியில், முத்துமாரியம்மன் கோயிலடியில் சனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்தது. றுவைஸைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், முதுகில் தட்டினார்கள், நல்ல காரியம் செய்தீர்கள் என்றார்கள். நிக்கலஸ் திகைப்பூண்டு மிதித்தவர் மாதிரி அந்தச் சனத்துக்குள் நின்றார். மாரிக்காலங்களில் தான் கண்ட கொடிகள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. மழைக்குள் பாதி தெரிந்தவை, தூரத்தில் மறைந்தவை, நிறம் பார்க்காமலே விலத்தியவை. கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்களும் கூடவே வந்தன. எந்தக் கொடி எந்த ஆள் என்று இனி ஆரிடம் கேட்பது?

றுவைஸ் பிழைத்துவிட்டான். குச்சவெளியிலிருந்து குடும்பமாக வந்து, புரியாணிச் சட்டியும் பழமுமாக மாகிரட்டின் குசினியை நிரப்பிவிட்டுப் போனார்கள். நிக்கலஸ் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இப்போது நிலாவெளிக் கரையில் அவரைப் பற்றி விசாரித்தால் வேறு கதை சொல்லுவார்கள். மனிதருக்கு விசர் என்பார்கள். கடலில் ஆருடைய கொடி தெரிந்தாலும் நேரே கிட்டப் போகிறார், போன கிழமையும் ஒருத்தருடைய வலையை வெட்டிவிட்டார் என்பார்கள். வெட்டப்பட்டவர்கள் வாடிக்கு வந்து வாயில் வந்தபடி ஏசுவார்கள். அந்த முசுடு ஒரு சொல் திருப்பிச் சொல்லாது. கிழிந்த வலையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, இருட்டும் வரைக்கும் இருந்து தைத்துப் பொத்திக் கொடுக்கும்.

"அண்ணை, அது வலைதான். இங்கயிருந்தே தெரியுது, விடுங்கோ" என்று ஜெயகாந்தன் ஒவ்வொரு முறையும் சொல்லுவான். நிக்கலஸ் விடமாட்டார். இஞ்சினைத் தணித்து, கொடியடிக்கு வந்து, எட்டிக் குனிந்து தண்ணீருக்குள் பார்ப்பார். மிதப்பையும் கயிற்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

"ஓம், வலைதான்" என்பார். பிறகு அடுத்த கொடிக்கு விடுவார்.