வாலண்டைனின் பதினொரு மூடிகள்

தெப்ரா தொழிற்பேட்டையில் ஒரே தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் கியூசி என்கிற தரச் சோதனை பார்த்தவர் வாலண்டைன். குளிர்பதனப் பெட்டிக்குள் போகிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்களை அளந்து, சரியானதைப் பச்சைத் தட்டிலும் சரியில்லாததைச் சிவப்புத் தட்டிலும் போடுவது அவர் வேலை. சிவப்புத் தட்டில் விழுந்தது ஒரு கம்பிக் கூண்டுக்குள் போகும். கூண்டுக்கு ஒரே சாவி. அது அவர் இடுப்பில் இருந்தது. கம்பெனி வியட்நாமுக்கு மாறியபோது சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பெரிய வெர்னியர் அளவுகோலைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். ஐம்பத்தாறு வயதில் வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அளப்பதற்கு நிறைய இருந்தது. முதல் வாரத்தில் ஜன்னல் திரைகள் இரண்டும் ஒரே நீளமில்லை என்று கண்டுபிடித்தார். இரண்டாம் வாரத்தில் சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தார். மனைவி மலர் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை பார்க்கிறவர். காலை ஐந்தரைக்குப் போனால் மதியம் இரண்டுக்குத்தான் வருவார். அதனால் இதெல்லாம் தடையில்லாமல் நடந்தது. மூன்றாம் வாரம் சாடிக்கு வந்தார்.

அது முழங்கால் உயரத்தில் பழுப்பு நிறச் சாடி. கல்யாணமான மறு வருடம் கோலாலம்பூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ் மண்பாண்டக் கடைகள் நிறைந்த ஆயர் ஈத்தாமில் டீ குடிக்க நின்றது. இறங்கிப் போன மலர் டீக்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்டு வந்து, மடியில் வைத்தபடியே வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் அதில் எலுமிச்சை ஊறுகாய் போடுவார். ஏழு வாரம் ஊறி, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் போத்தல்களில் அடைபட்டு, கோயில்காரர்கள் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போகும். சாடியின் மூடி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதாக வாலண்டைனுக்குப் பட்டது. எடுத்து, நேராக வைத்து, அமுக்கினார். மூடி மூன்று துண்டானது.

அந்த நவம்பர் மலர் எவர்சில்வர் தட்டால் சாடியை மூடி, மேலே இரண்டு பால் டின்களைப் பாரமாக வைத்தார். டிசம்பரில் திறந்து பார்த்தால் ஊறுகாய் முழுக்கப் பூசணம். இருநூறு எலுமிச்சம்பழமும் பின்பக்கக் குழியில் புதைக்கப்பட்டன. பன்னிரண்டு வீட்டுக்கும் கடைக் கேக் போனது. பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மாள் என்ன மலர், இந்த வருசம் ஊறுகாய் காணோமே என்று விசாரித்தார்.

“அந்தச் சாடிக்கு மூடி வந்தா போடுவேன். வராட்டி இனிமே போடறதா இல்லை” என்றார் மலர்.

அதை அந்த அம்மாளிடம்தான் சொன்னார். வாலண்டைன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே ஆயர் ஈத்தாம் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். மூடியைத் தனியாக யாரும் விற்பதில்லை. கடைசியில் அதே உயரத்தில் மூடியோடு ஒரு புதுச் சாடி வாங்கிக்கொண்டு வந்தார். மலர் அதைச் சுற்றிப் பார்த்தார்.

“பழைய சாடி ஒழுகுதா?”

“இல்ல.”

“விரிசல் கிரிசல்?”

“இல்ல.”

“அப்புறம் இது எதுக்கு?”

அது இப்போது வாசலில் குடை வைக்கிற சாடியாக இருக்கிறது.

கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி, மண்பாண்ட வகுப்பு, வயது வரம்பில்லை. இடம், கார் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி. அந்த இடத்துக்குச் சமூகக் கலை மையம் என்று மூன்று மொழியில் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் எல்லோரும் பேட்டரிக் கடை மாடி என்றுதான் சொல்வார்கள். இரண்டு அறை, ஒரு பின்பக்க பால்கனி. நடத்துகிறவர் சாந்தினி, முப்பத்து நாலு வயது; கோலாலம்பூரில் ஓவியம் படித்துவிட்டு வந்து, வாரநாட்களில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவர். சனி காலை மண், சனி மாலை நீர்வண்ணம், ஞாயிறு மாலை மெழுகுச் சாயத் துணியான பாத்தேக். மாதத்தின் கடைசி வெள்ளியில் யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம். ஓய்வு பெற்ற ஒரு போலீஸ்காரர் மட்டும் வந்து பாடுவார். பால்கனியில் மின்சாரச் சூளை. மாதம் ஒரு தடவை அதைப் போடும்போது ஏர்கானை நிறுத்திவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் எல்லோருமே கொஞ்சம் வெந்துதான் இறங்கினார்கள்.

முதல் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் சாந்தினி. வாலண்டைன் கண்ணை மூடவில்லை.

“மிஸ், இதோட ஸ்பெக் ஷீட் இருக்கா?”

“மண்ணுக்கு ஏது அங்கிள் ஸ்பெக். காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். சுமாரா பன்னிரண்டு பர்சென்ட்.”

“சுமாராவா?”

“சுமாராத்தான்.”

நோட்டுப் புத்தகத்தில் ‘சுமார்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அதற்கு முன்பே முதல் பக்கத்தில் 184 மி.மீ. என்று எழுதி வைத்திருந்தார். சாடி வாயின் உள்ளளவு. மலர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் பரிசு வெர்னியரால் எடுத்தது.

பிப்ரவரியிலிருந்து அவர் மூடி மட்டும் செய்தார். பக்கத்து மேசையில் ஷர்மினி என்கிற தாதி, வாரம் ஒரு பூனை செய்தார். ஒன்றுக்கும் பூனை முகம் அமையவில்லை, அதைப் பற்றி ஷர்மினிக்குக் கவலையுமில்லை. ஆளுக்கொரு கோப்பை, தட்டு, பூனை என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வாலண்டைன் சூளையிலிருந்து வந்த மூடியை அளப்பார், மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் எழுதி உள்பக்கம் ஒட்டுவார், குப்பைக் கூடையில் போடுவார். மூடி 1, சிறிது, காரணம் கணக்குத் தவறு. மூடி 4, பெரிது, காரணம் அவசரம். மூடி 7, நீள்வட்டம், காரணம் காய்வதற்குள் தூக்கியது. ஆகஸ்டில் வந்த ஒன்பதாவது மூடி மட்டும் அளவில் தேறியது. அச்சுப் போல வட்டம். ஷர்மினி கையைத் தட்டினார். வாலண்டைன் அதை மலர் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாடியில் வைத்தார். ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் நின்றது. எப்படித் திருப்பினாலும் நின்றது. இந்தத் தடவை அமுக்கவில்லை. திரும்பக் கொண்டு வந்து, அளவு சரி, உட்காரவில்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதி ஒட்டிக் கூடையில் போட்டார். பத்தும் பதினொன்றும் சூளையிலேயே கோணிப் போயின. அக்டோபர் முடிந்துவிட்டது. நவம்பர் முதல் வாரத்தில் பழத்துக்கு உப்புப் போடாவிட்டால் இந்தக் கிறிஸ்மஸுக்கும் கேக்குதான். கேக் போதும் என்று மலர் இரண்டாம் தடவையும் முடிவு செய்துவிட்டால், அப்புறம் பழைய சாடியும் வாசலுக்கு வந்து குடை தாங்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஆண்டுக் கண்காட்சி. சனிக்கிழமை திறந்து அடுத்த ஞாயிறு வரை. ஆளுக்கு ஒன்று வைக்கச் சொன்னார் சாந்தினி. தன்னிடம் வைப்பதற்கு ஒன்றுமில்லை, வேண்டுமானால் நாற்காலி தூக்கிப் போடுகிறேன் என்றார் வாலண்டைன். சனிக்கிழமை காலை நாற்காலி தூக்கப் போனபோது, நடு மேசையில், தொங்கும் விளக்குக்குக் கீழே, பதினொரு மூடிகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் குப்பைக் கூடையிலிருந்து சாந்தினி எடுத்து வைத்திருக்கிறார். டேப்புகளை உரித்து எதிரே ஒட்டியிருக்கிறார்.

“மிஸ், இதெல்லாம் ரிஜெக்ட்.”

“தெரியும் அங்கிள். எழுதியிருக்கீங்களே.”

“ரிஜெக்ட வெளிய வைக்கக் கூடாது.”

“ஏன்?”

கூண்டையும் சாவியையும் அந்த மாடியில் எப்படி விளக்குவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. “கஸ்டமர் பாத்துருவாங்க” என்றார்.

“பாக்கத்தான் லா வெச்சிருக்கேன்.”

பார்த்தார்கள். நீர்வண்ணப் படங்களைக் கடந்து போனவர்கள் மூடிகளுக்கு முன்னால் நின்றார்கள். குனிந்து ஒவ்வொரு டேப்பையும் படித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர், இதன் மூலம் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். “ரிஜெக்ட் சார்” என்றார் வாலண்டைன். அந்த மனிதர் நெடுநேரம் தலையாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஷர்மினியும் படம் எடுத்தார். அவர் கோயில் வாட்சப் குழுவிலும் போட்டுவிட்டார். அதில் மலர் இருக்கிறார்.

சனிக்கிழமைகளில் புருஷன் எங்கோ போய்க் கையில் மண்ணோடு வருவது மலருக்குத் தெரியும். என்ன செய்கிறார் என்று கேட்டதில்லை. வீட்டில் அளக்காமல் இருந்தால் சரி. குழுவில் வந்த படத்தை அன்றிரவு பெரிதாக்கிப் பார்த்தார். மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போது காரின் பின் ஸீட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடை இருந்தது, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. பூசை முடிந்ததும் மலர் சொன்னார், “உங்க பேட்டரிக் கடை மாடிக்கு விடுங்க.”

படியேறும்போது கூடையை வாலண்டைனிடம் கொடுக்கவில்லை. நடு மேசையில் ‘தயவு செய்து தொடாதீர்கள்’ என்று மூன்று மொழியில் ஓர் அட்டை. மலர் படித்துவிட்டு அட்டையை ஓரமாகத் தள்ளி, அந்த இடத்தில் கூடையிலிருந்த சாடியைத் தூக்கி வைத்தார். பதினொரு டேப்பையும் இடமிருந்து வலமாகப் படித்தார்.

“இதுல எத வீட்ல வெச்சுப் பாத்தீங்க?”

“ஒம்பதாவது.”

“மத்தது?”

“மத்ததெல்லாம் அளவுலயே ஃபெயிலு. ஃபெயிலானத எதுக்கு வெச்சுப் பாக்கணும்?”

“சாடிய எப்படி அளந்தீங்க?”

வாலண்டைன் விரலால் வாயின் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

“ஒரு தடவையா?”

“வட்டத்துக்கு ஒரு அளவு போதும் மலர்.”

“இது வட்டம்னு யாரு சொன்னா?”

வெர்னியர் எப்போதும் போல வாலண்டைன் பையில் இருந்தது. ஒரு பக்கம் வைத்தார். 187. கொஞ்சம் திருப்பி வைத்தார். 184. இன்னும் திருப்பினார். 181. மறுபடி ஒரு சுற்று வந்தார். எண்கள் மாறவில்லை. மெஷினில் வார்த்ததை மட்டுமே இருபத்தொன்பது வருடம் அளந்த மனிதர், கையால் வனைந்த ஒன்றின் வாயைச் சரியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“முப்பது வருசமா மூடறேன்” என்றார் மலர். “அது கோணை வாய். பழைய மூடியும் கோணை. ஒரு பக்கமாத் திருப்பினாத்தான் இறங்கும்.”

“நீ சொல்லவே இல்லையே.”

“நீங்க கேட்டீங்களா? டப்புன்னு அமுக்கினீங்க.”

பிறகு மலர் முதல் மூடியிலிருந்து தொடங்கினார். எடுப்பது, வைப்பது, மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்புவது, எடுத்து அதன் டேப்புக்கு எதிரே திரும்ப வைப்பது. பாத்தேக் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வந்து சூழ்ந்தார்கள். நிகழ்ச்சி ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று ஒரு பெண் வீடியோ எடுத்தார். சாந்தினி அதை மறுக்கவில்லை. நான்காவது மூடி மேலேயே படுத்துக்கொண்டது. ஆறாவது வழியில் சிக்கியது. மலர் அதைப் பதமாக வெளியே எடுத்தார். ஏழாவதை வைத்துக் கால் சுற்றுத் திருப்பினார். ‘தொக்’ என்று உள்ளே இறங்கியது.

யாரோ கை தட்டினார்கள். வாலண்டைன் குனிந்து விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தார்.

“ஆடுது” என்றார்.

மலர் மூடியை ஆட்டிப் பார்த்தார். ஆடத்தான் செய்தது. “துணி கட்டினா ஆடாது” என்று சொல்லிவிட்டு, மூடியோடு சாடியைத் தூக்கிக் கூடையில் வைத்தார்.

கண்காட்சி அடுத்த ஞாயிறு வரை இருக்கிறது, அதுவரை மட்டும் விட்டுவைக்க முடியுமா அன்ட்டி என்று சாந்தினி தயங்கிக் கேட்டார். மலர் புருஷன் பக்கம் திரும்பினார்.

“கிறிஸ்மஸுக்கு எத்தன வாரம் இருக்கு?”

“ஏழு வாரம், நாலு நாள்.”

“அடுத்த ஞாயிறுல இருந்து?”

“ஆறு வாரம், நாலு நாள்.”

சாந்தினி வழிவிட்டார். ஆனால் வாலண்டைன் நகரவில்லை. மூடி போய்விட்டது, மேசையில் அதன் டேப் மட்டும் ரிஜெக்ட் என்ற நிலையில் இருக்கிறது. அப்படி விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. உரித்தெடுத்து, புது டேப் கிழித்து எழுதினார்: மூடி 7, மறுபரிசோதனை, நிபந்தனையோடு ஏற்பு. கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலை விதிப்படி, இப்படி ஒன்றை வெளியே விடுவதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். பென்சிலை மலரிடம் நீட்டினார். மலர் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நிபந்தனை என்னவென்று கேட்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

போகிற வழியில் பாசாரில் இருநூறு பழம் வாங்கினார்கள். மதியம் முழுவதும் சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து வாலண்டைன் பழங்களை நான்காகக் கீற, மலர் உப்பை அடைத்து அடைத்துச் சாடியில் போட்டார். நான்கு மணிக்குச் சாடி கழுத்துவரை நிறைந்தது. மலரின் இரண்டு கையும் முழங்கைவரை உப்பும் சாறுமாக இருந்தன.

“நீங்களே மூடுங்க” என்றார்.

வாலண்டைன் மூடியை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்தார். நின்றது. கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இறங்கியது. உள்ளங்கைகள் மட்டும் அமுக்கத் தயாராக மூடியின் மேலேயே இருந்தன.

“இப்பக் கையை எடுங்க” என்றார் மலர்.