முதலில் குழம்பு

பொம்மனஹள்ளியில் புதிதாகத் திறந்த ஓட்டல். சர்வர் வஞ்சரம், சங்கரா என்று அடுக்கினார். "முதல்ல குழம்பு மட்டும் ஊத்துங்கண்ணா" என்றேன். எதிரே அம்மா. குழம்பின் ஆவி முகத்தில் அடித்ததும் சின்ன வயதில் நாங்கள் இருந்த காக்ஸ் டவுனுக்குப் போய்விட்டேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே ஒரு ஓட்டலில் சாப்பிடுவோம். சோற்றுக்கு ஊற்றும் மீன் குழம்பை ருசிபார்க்காமல் அப்பா வறுவல் சொன்னதே இல்லை. ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடுவார். சர்வர் காத்து நிற்பார். நானும் தங்கையும் மூச்சுக்கூட விடமாட்டோம்.

"இது நேத்து மீனுப்பா. முட்டை கொண்டா."

"எப்டி சார் கண்டுபுடிக்கிறீங்க!" என்று சர்வர் அசந்துபோவார். அப்படியொரு நாக்கு உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்று நம்பினேன். அம்மா தன்பாட்டுக்குக் குழம்புச் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அப்பா போனபிறகு இன்றுதான் நாங்கள் வெளியே சாப்பிட வந்திருக்கிறோம். அவரைப்போலவே ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினேன். புளிப்பும் காரமும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. வஞ்சரம் ரெண்டு..." என்று தொடங்கினேன்.

மேஜைக்கடியில் அம்மாவின் கால் என் காலை அழுத்தியது. சோற்றை மென்றுகொண்டிருந்தவளின் முகம் இலையைவிட்டு நிமிரவே இல்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது இதற்குத்தான்.

"முட்டை கொண்டாங்கண்ணா" என்றேன்.