பேப்பரில் நான் கனடா போனது

நான் கனடாவுக்குப் போன செய்தியை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சோபாவில் கால்நீட்டிக் கிடந்தபடிதான் வாசித்தேன். மச்சாளின் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்ட கோட்டோடு என் படம். கீழே, மேற்படிப்புக்காகக் கனடா சென்றுள்ள எமதூரின் மைந்தனை வாழ்த்தி வழியனுப்புகிறோம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படம் நன்றாகத்தான் வந்திருந்தது. போகாதது மட்டும்தான் குறை.

அது எங்கள் ஊர்ப் பேப்பர். ஊர் வடக்கில் கிடக்கிறது. ஆனால் ஊரை விட்டு வந்து கொழும்பில் இருக்கிறோம் என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஊர் எங்களுக்கு முதலே லொறி பிடித்து வந்து, வெள்ளவத்தையில் பெரிய ரோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் நாலைந்து ஒழுங்கைகளில் குடியேறிவிட்டது. அங்கே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் இங்கே பல்கனியால் எட்டிப் பார்க்கிறார்கள். யார் வீட்டில் என்ன கறி, யார் மகள் எத்தனை மணிக்கு வேலையால் வருகிறாள், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். இந்த ஊருக்கு மாதம் ஒரு பேப்பர். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்துக் கோயிலிலும் பலசரக்குக் கடைகளிலும் வைப்பார்கள். இப்போது வட்ஸ்அப்பிலும் வருகிறது. அதை நடத்துகிறவர் இன்ஷூரன்ஸ் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாங்கள் எடிட்டர் அங்கிள் என்போம். அவருடைய பேப்பரில் மூன்று விதமான செய்திதான் இருக்கும்: வாழ்த்து, அனுதாபம், நன்றி. இந்த மூன்றிலும் அடங்காத எதுவும் எங்கள் ஊரில் நடப்பதில்லை.

என் கதையில் அவருடைய பிழை ஒன்றுமில்லை. என் விசா அலுவலைப் பார்த்த ஏஜென்ட், அது அநேகமாகச் சரி என்று அம்மாவிடம் சொன்னான். அந்த 'அநேகமாக' எங்கள் வீட்டுப் படியிறங்கிக் கோயில் போய்ச் சேர்வதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. அம்மா கோயிலில் சரிவந்திட்டுது என்றா. எடிட்டர் அங்கிள் அந்த இடத்திலேயே பேனையை எடுத்தார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அப்பா போனபிறகு தனி மனுசியாக நின்று என்னை வளர்த்தவ. மாதாமாதம் மற்ற வீட்டுப் பிள்ளைகள் லண்டன் போனதையும் சுவிஸ் போனதையும் கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் வாசித்து, சந்தோசம் என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்தவ. தன் முறை வரும்போது ஒரு கிழமை பொறுக்க அவவால் முடியவில்லை.

பேப்பர் வந்த பிறகுதான் கடவுச்சீட்டு வந்தது. உள்ளே முத்திரை இல்லை. கூடவே ஒரு கடிதம், மறுப்பு. நான் வேலையையும் விட்டிருந்தேன். ஏஜென்ட், வேறு வழியிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டா.

"ஒரு மாசம் வெளியாலை தலை காட்டாதை. அதுக்குள்ளை சரிவந்திடும். பிறகு ஆருக்கும் ஒண்டும் தெரியாது."

"அம்மா, நான் என்ன கொலையா செய்தனான்?"

"கொலை செய்தவனைக்கூட நாலு நாளிலை மறந்திடுவினம். போகாமல் நிண்டவனை மறக்க மாட்டினம்."

அந்த ஒரு மாதம் நீண்டுகொண்டே போனது. நாலாம் மாடி, இரண்டு அறை. பல்கனிக் கதவைச் சாத்தி, அதன் இடுக்கால் கடலைப் பார்ப்பேன். பகலில் ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும். அந்தச் சத்தத்தோடு சேர்த்துத்தான் நான் இருமுவேன், தும்முவேன். தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தாலும் ஊமைப் படம்தான். யாராவது மணி அடித்தால் நான் என் அறைக்குள் போய்க் கட்டிலில் ஏறிக் கால்களை மடித்துக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் முன்னறையில் தேத்தண்ணி குடித்தபடி, மகன் அங்கே எப்படி, சாப்பாடு பிடிக்குதாமோ என்று கேட்பார்கள். அம்மா பதில் சொல்லுவா. நான் இருக்கும் வீடு, நான் போகும் பஸ், எனக்குக் கிடைத்த பகுதிநேர வேலை, எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். அங்கே இருந்தவன் என்னைவிட நல்லாகத்தான் இருந்தான். அவன்மீது எனக்குப் பொறாமையாக இருந்தது.

கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் அம்மா வாசல் இரும்புக் கேற்றை வெளியால் பூட்டிக்கொண்டு போவா. பூட்டைக் கண்டால் வருகிறவர்கள் மணி அடிக்க மாட்டார்களாம். திறப்பு அவவின் கைப்பைக்குள். முப்பது வயதை நெருங்கியவனைத் தாய் பூட்டி வைத்துவிட்டுப் பூசைக்குப் போகிறா என்று நினைக்கச் சில வெள்ளிகளில் சிரிப்பு வந்தது; சில வெள்ளிகளில் சுவரில் தலையை மோதவேண்டும் போலிருந்தது.

பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு ஒரு ஹெல்மெட்தான் காரணம். முகம் முழுவதும் மூடுகிற பழைய ஹெல்மெட் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைத் தலையில் மாட்டி, கையில் ஒரு பையையும் பிடித்தால், சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற பையன். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மதிய நித்திரை நேரத்தில் அப்படி இறங்கி, பாமன்கடைப் பக்கம் நடந்து, ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அங்கே எங்கள் ஊராட்கள் குறைவு. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, முகத்தில் காற்றுப்பட ஒரு பிளேன்ரீ குடிப்பேன். மலையகத்துப் பையன் ஒருவன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "அண்ணே, வடை சூடா இருக்கு, வைக்கவா?" என்பான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்துக் கேட்கிற சாதாரணக் கேள்வி. பசியில்லாவிட்டாலும் வைக்கச் சொல்வேன். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கே பார்சல்காரனாகத் திரும்புவேன்.

ஒருநாள் அம்மாவோடு நேரடியாகவே சண்டை பிடித்தேன்.

"எடிட்டர் அங்கிளிட்டைச் சொல்லி, பயணம் சரிவரேல்லை எண்டு ரெண்டு வரி போடச் சொல்லுங்கோ. முடிஞ்சுது."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை. "அந்தப் பேப்பரிலை ஆராவது போகாத செய்தி வந்ததைக் கண்டனியோ?"

"அப்ப முதலாவதா என்ரையை வரட்டும்."

"வரட்டும். அதுக்குப் பிறகு நான் எந்தக் கோயிலுக்குப் போறது எண்டும் சொல்லு."

அவவுக்குக் கோயிலும் அந்த ஒழுங்கையும்தான் உலகம். என்னைத் திறந்துவிட்டால் அவவைப் பூட்டவேண்டும். அதுதான் எங்கள் வீட்டு நிலைமை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, காலைப் பூசைக்குப் போனவ வரவில்லை. அர்ச்சனைக்குச் சனம் கூடவாக்கும் என்று இருந்தேன். பூசை முடிகிற நேரமும் தாண்டியது. அவவின் போனுக்கு எடுத்தேன், குசினிக்குள் அடுப்படியில் அடித்தது, சார்ஜில் போட்டபடியே மறந்துவிட்டுப் போயிருக்கிறா. அப்போதுதான் என் போனில் ஊர்ப் பேப்பரின் குழுவிலிருந்து ஒரு அவசரச் செய்தி வந்து விழுந்தது.

அம்மாவின் பேர். கோயில் வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்த நிலையில் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டிருக்கிறார். மகன் கனடாவில் இருப்பதால் ஊரவர்களே உடனிருந்து கவனிக்கின்றனர். அவர் விரைவில் நலம்பெறப் பிரார்த்திப்போம். கடைசியில் ஒரு வேண்டுகோள்: தூரதேசத்திலிருக்கும் மகனின் மனம் கலங்காதிருக்க, இச்செய்தியை அவருக்கு யாரும் தெரியப்படுத்த வேண்டாமெனத் தாயார் கேட்டுக்கொண்டுள்ளார்.

நான் இருக்கிற குழுவில்தான் அதைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

இரண்டாம் தரமும் வாசித்தேன். எலும்பு முறிந்து ரோட்டில் கிடந்த நேரத்திலும், பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான், இந்தாருங்கோ திறப்பு, ஓடிப்போய்க் கூட்டிவாருங்கோ என்று அம்மா சொல்லவில்லை. நோவோடு நோவாகக் கனடாவைத்தான் சொல்லியிருக்கிறா. அழுகை வந்தது. அதோடு சேர்ந்து ஒரு கோபமும் வந்தது, அம்மாவில், ஊரில், அந்தக் கும்பிட்ட கைகளில். இரும்புக் கேற்றைப் பிடித்து உலுப்பினேன். உப்புக்காற்றில் கறள் பிடித்த கேற்றுத்தான், ஆனாலும் அசையவில்லை.

பல்கனிக் கதவை அகலத் திறந்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. கீழே காவலுக்கு இருக்கிற சிங்களப் பெரியவரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தார்.

"மாத்தயா கனடாவே நேத?"

ஐயா கனடாவில் அல்லவா என்று அவரும் கேட்கிறார். இல்லை, இங்கேதான் இருக்கிறேன், பூட்டை உடைக்க ஏதாவது கொண்டு ஓடிவாருங்கள் என்று சிங்களத்தில் கத்தினேன். எதிர்ப் பல்கனிகளில் தலைகள் முளைத்தன. முளைக்கட்டும் என்று விட்டேன். அவர் இரும்பு அலவாங்கோடு மூச்சுவாங்க ஏறிவந்து, இரண்டு நெம்பில் பூட்டை உடைத்தார். ஹெல்மெட் இல்லாமல் படியிறங்கி, வெறும் முகத்தோடு, காலி வீதி என்கிற அந்தப் பெரிய ரோட்டில் ஓட்டோ பிடித்தேன்.

வார்ட்டுக்கு வெளியே எடிட்டர் அங்கிள் நின்றார். என்னைக் கண்டதும் அதிசயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளில் கைவைத்து, "பயப்பிடாதையும் தம்பி. நாளைக்கு ஒப்பரேசனாம். ஆள் தெளிவா இருக்கிறா" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. "அங்கிள், நான் போகேல்லை. விசா கிடைக்கேல்லை. முதலிலேயிருந்து இஞ்சைதான் நிக்கிறன். அதைப் பேப்பரிலை போடுங்கோ. இண்டைக்கே போடுங்கோ."

"அது எல்லாருக்கும் தெரியும்."

"என்னது?"

"உங்கடை பல்கனியிலை கிழமைக்கு நாலு ஆம்பிளைச் சாரம் காயுது. அம்மா சாரம் கட்டுறவவோ? கடையிலை சேவ் எடுக்கிற பிளேட்டும் வாங்கிறா. எல்லாருக்கும் தெரியும் தம்பி. தெரிஞ்சதை ஏன் பேப்பரிலை போடுவான்?"

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "அம்மா சந்தோசமாச் சொல்லுறா. நாங்கள் கேட்டால் என்ன குறைஞ்சு போகுது? நீர் இந்தச் சனத்தை வம்புக்காரர் எண்டுதான் நினைச்சிருப்பீர். அதுவும் சரிதான். ஆனா அவவுக்கு இன்னும் தெரியாது, எங்களுக்குத் தெரியுமெண்டு. அதை மட்டும் உடைச்சுப் போடாதையும்."

ஒருவர்கூட ஏமாறாத ஒரு பொய்க்காக நான் அத்தனை நாள் இருமலை அடக்கியிருக்கிறேன். அவரை அந்த இடத்திலேயே அறையலாமா, காலில் விழலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் உள்ளே போனேன்.

கட்டிலைச் சுற்றி எங்கள் ஒழுங்கைப் பெண்கள் மூன்று பேர். அம்மாவின் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் அவவின் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நோவுக்கு நடுவிலும் குரலை உயர்த்திக் கேட்டா.

"எப்ப வந்தனி மோனே?"

பெண்கள் மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள். கதவடியில் எடிட்டர் அங்கிள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். அதற்காகத்தானே பூட்டை உடைத்து வந்தேன்.

"இப்பதான் அம்மா. எயார்போட்டிலை இருந்து நேரா வாறன்."

ஒரு பெண் தொண்டையைச் செருமினா. "பிளேனிலை சாப்பாடு தந்தவங்களோ தம்பி? முகம் வாடிப்போய்க் கிடக்கு." இன்னொருவ, "பின்னை, எவ்வளவு தூரம்!" என்றா. எல்லாரும் அக்கறையாகத் தலையாட்டினார்கள்.

"திரும்ப எப்ப போகவேணும்?" அம்மா கேட்டா.

"இனிப் போகேல்லை அம்மா. உங்களோடை நிக்கத்தான் வந்தனான்."

எடிட்டர் அங்கிள் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். "இது செய்தி. அடுத்த மாசம் போட்டுவிடலாம்" என்றார். அம்மா கண்ணை மூடினா. இனி நான் எந்த ஒழுங்கையாலும் நடக்கலாம். ஆனால் கனடாவால் திரும்பி வந்தவனாகத்தான் நடக்கவேண்டும். செத்தாலும் அந்தப் பேப்பரில் அப்படித்தான் வரும்.

பார்க்கிற நேரம் முடிந்து எல்லாரும் போனார்கள். கட்டிலடியில் நானும் அம்மாவும் மட்டும். இப்போதாவது அந்த ஆட்டத்தை விடுவா, பூட்டை என்ன செய்தனி என்று ஏசுவா என்று நினைத்தேன். மருந்து மயக்கம் ஒன்றும் அவவுக்கு இல்லை. கண் தெளிவாகத்தான் இருந்தது. என் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தா.

"அங்கை சரியான குளிரோ?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்க ஒருவரும் இல்லையே அம்மா, ஆருக்காக என்று கத்த வாய் திறந்தேன். அவவின் பிடி இறுகியது. மற்றத் தாய்மாருக்கெல்லாம் தூரத்திலிருந்து பிள்ளை திரும்பி வந்த ஒரு நாள் இருக்கிறது. அம்மாவுக்கு அது இதுதான்.

"ஓம் அம்மா" என்றேன். "சரியான குளிர்."

"கம்பளிச் சட்டை போட்டனியோ?"

"போட்டனான்."